உங்கள் ஊரில் அதற்கு யார் ஆள்?

போன மார்கழியில், நான் வேலை பார்க்கும் கானாடுகாத்தான் வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்து ஐந்து நாள் தங்கினார். வீடு என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன், செட்டியார் குடும்பம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு அது ஓட்டல்தான். நான் அங்கே வண்டி ஓட்டுவேன், மோட்டார் போடுவேன், வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவேன், எல்லாம் நானே. பெரியவர் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பர்மா தேக்குத் தூணைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்குகிற வயது. தலையில் ஒரு துணித் தொப்பி, அதில் ஆங்கிலத்தில் "யூதப் போர்வீரர்கள்" என்று தைத்திருந்தது.

எனக்கு அது வினோதமாக இருந்தது. நம் பட்டாளத்தில் சீக்கியர், மராட்டா, ராஜ்புத் என்று ரெஜிமென்டுக்குப் பெயர் உண்டுதான், ஆனால் ரிட்டயர் ஆன பிறகு எல்லாரும் கேன்டீன் வரிசையில் ஒன்று. மதத்தின் பெயரில் முன்னாள் சிப்பாய்களுக்குத் தனியாக ஒரு சங்கம் எதற்கு? கேட்டுவிடலாமா என்று யோசிப்பதற்குள் அவரே, நீ பட்டாளத்தில் இருந்தவனா என்றார். எப்படித் தெரியும் என்றேன். காபி டம்ளரை வைத்துவிட்டு நிற்கிற நிற்பிலேயே தெரிகிறது என்றார்.

நான் ஏஎஸ்சி என்கிற ராணுவச் சப்ளைப் பிரிவில் டிரைவர், ஹவில்தாராக வெளியே வந்தவன். அவர் 1968-ல் வியட்நாமில் லாரி ஓட்டியவர். இரண்டு பேரும் வண்டிக்காரர்கள் என்று தெரிந்த பிறகு அந்த ஐந்து நாளும் அவர் பின் சீட்டில் உட்காரவே இல்லை, முன்னால்தான்.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை, எங்கள் சமையல்கார அண்ணனுக்கு. செட்டிநாட்டுக்கு வந்து கோழி சாப்பிடாத மனுஷனை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. யூத முறைப்படி அறுத்த இறைச்சிதான் சாப்பிடுவேன், இங்கே அது கிடைக்காது, அதனால் மரக்கறி போதும் என்று பெரியவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் செய்து போட்டார். மனிதர் ஒன்பது பணியாரம் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் இஸ்ரேல் பக்கம் இருந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவருக்கு நம்பவே முடியவில்லை. கோலான் குன்றுகளில் சிரியாவுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே 1974 முதல் ஐ.நா. அமைதிப்படை நிற்கிறது. 2006 முதல் அதற்குச் சாப்பாடு, டீசல், தண்ணீர், வண்டி எல்லாம் பார்ப்பது நம் இந்தியப் பிரிவு. இஸ்ரேல் கையில் இருக்கிற பக்கத்தில் ஜியுவானி என்று ஒரு முகாம், அங்கேதான் நான் இருந்தேன். ஹெர்மோன் மலையில் பனி, கீழே ஆப்பிள் தோட்டம். அந்தத் தோட்டங்கள் துரூஸ் என்று தனி மதம் உள்ள அரபு மக்களுடையவை, போர்நிறுத்தக் கோடு அவர்கள் குடும்பத்தின் நடுவே போகிறது, அண்ணன் இந்தப் பக்கம் தங்கை அந்தப் பக்கம். அப்போதெல்லாம் செஞ்சிலுவைச் சங்கம் மூலமாக அவர்கள் ஆப்பிள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகும், சில சமயம் கல்யாணப் பெண்ணும் போவாள். நீலத் தொப்பி போட்டு நின்றவன் என்பதால் அந்த மண்ணில் யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது சிப்பாய் வீட்டுக்குத் திரும்பின பிறகு என்ன ஆகிறது என்பதை மட்டும்.

2009 ஏப்ரல் கடைசி. நானும் ஒரு மலையாளி நாயக்கும் கலிலேயா ஏரிக்கரையில் இருக்கும் திபேரியாவுக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். காலை 11 மணிக்குச் சங்கு ஊதியது, நம் மில் சங்கு மாதிரி, ஆனால் நிற்காமல். ராக்கெட் வருகிறது என்று நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அடியில் நுழையப் பார்த்தேன். நாயக் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். பார்த்தால், ரோட்டில் போன எல்லா வண்டியும் நின்றுவிட்டது. ஜனங்கள் கதவைத் திறந்து இறங்கி, கைகளைத் தொங்கவிட்டு, தலையைக் குனிந்து நிற்கிறார்கள். தக்காளி லாரிக்காரன், பால் குடிக்கிற குழந்தையை இடுப்பில் வைத்த பெண், காதில் கடுக்கன் போட்ட பையன். இரண்டு நிமிஷம். சங்கு நின்றது, ஏறினார்கள், போனார்கள். எனக்கு முழங்காலெல்லாம் மண்.

அதைப் பெரியவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அது யோம் ஹசிக்கரோன், செத்த சிப்பாய்களை நினைக்கிற நாள் என்றார். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு நிமிஷம், மறுநாள் பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம். அன்று பொழுது சாய்ந்ததும் சுதந்திர தினம் தொடங்கிவிடும், அழுத கண்ணோடே ஆட்டம்.

ஆத்தங்குடிக்குத் தரைக் கல் பார்க்கப் போகும் வழியில்தான் தொப்பியைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சங்கம் 1896 மார்ச்சில் நியூயார்க்கில் ஆரம்பித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட யூதர்கள் 63 பேர் கூடினார்கள். காரணம் பென்ஷனோ சலுகையோ இல்லை, ஒரு அவமானம். யூதன் வட்டிக்கடையில் உட்காருவான், துப்பாக்கி தூக்க மாட்டான் என்று ஊரெல்லாம் பேசினார்களாம். போருக்குப் போய்க் கை கால் இழந்து வந்தவன் காதில் இது விழுந்தால் எப்படி இருக்கும்? நாங்கள் இருந்தோம் என்று காட்டத்தான் கூடினார்கள். இன்றைக்கு வாஷிங்டனில் அவர்களுக்குத் தலைமையகமும், யூதச் சிப்பாய்களின் வரலாற்றுக்கென ஒரு அருங்காட்சியகமும் இருக்கின்றன. (வட்டிக்கடை என்றதும் நான் வண்டிக் கண்ணாடியில் செட்டியார் வீடுகளைப் பார்த்துக்கொண்டேன். இங்கேயும் அந்தப் பேச்சு உண்டு. அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.)

ஊருக்கு ஊர் அவர்களுக்குக் கிளை, அதை போஸ்ட் என்கிறார்கள். மாசத்துக்கொரு ஞாயிறு காலையில் கூடுவார்கள். பேகல் ரொட்டி, காபி, பாதிப் பேருக்குக் காது கேட்காது என்பதால் ஒரே சத்தம். இரண்டாம் உலகப் போர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், இளைஞர்கள் சேருவது குறைவு, எங்கள் போஸ்ட்டில் நான்தான் பையன் என்றார்.

மதகுரு விஷயமும் வந்தது. நம் யூனிட்டில் பண்டிட்ஜி, மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என்று இருப்பார்கள் அல்லவா, அமெரிக்கப் படையில் 1862 வரை கிறிஸ்தவ குருக்களுக்கு மட்டும்தான் சட்டம் இடம் கொடுத்தது. யூதர்கள் லிங்கனிடம் முறையிட்டுத்தான் அந்தச் சட்டம் மாறியது. 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய மூன்றாம் நாளே யூத சமூகம் தன் சிப்பாய்களுக்கென்று ஒரு நலவாரியம் அமைத்துவிட்டது, படைக்கு ரப்பிகளை, அதாவது யூத குருக்களை, அனுப்ப, பஸ்கா பண்டிகைக்குப் புளிக்காத ரொட்டி போய்ச் சேர. அப்புறம் 1943 பிப்ரவரி 3. டார்செஸ்டர் என்ற துருப்புக் கப்பல் கிரீன்லாந்து அருகே ஜெர்மன் டார்பிடோ பட்டு மூழ்கியது. உள்ளே நான்கு மதகுருக்கள், இரண்டு புராட்டஸ்டன்ட், ஒரு கத்தோலிக்கர், ஒரு ரப்பி, பெயர் அலெக்சாண்டர் கூட். உயிர்காக்கும் மேலாடை போதவில்லை. நாலு பேரும் தங்களுடையதைக் கழற்றிச் சிப்பாய்களிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார்கள். இதைச் சொல்லும்போது நாங்கள் பள்ளத்தூர் விலக்கு தாண்டிக்கொண்டிருந்தோம், எனக்கு வண்டி தானாக மெதுவானது.

திரும்பி வரும்போது சித்தி வீடு வழியில். நிற்காமல் போனால் ஆறு மாசத்துக்குப் பேச்சு வரும், அதனால் நிறுத்தினேன். சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் நாயக்காக இருந்தவர், 2022-ல் இறந்துவிட்டார். சித்தி மோர் கொடுத்தாள், வெள்ளைக்காரருக்கு விசிறினாள், பிறகு மஞ்சப்பையைக் கொண்டு வந்து என் மடியில் கவிழ்த்தாள். எல்லாம் அதே காகிதங்கள். குடும்ப பென்ஷன் வரவில்லை, ஏனென்றால் ராணுவ ரெக்கார்டில் வள்ளியம்மாள், ஆதாரில் வள்ளியம்மை. ஒரு ஆபீசில் பெயர் மாற்றிக்கொண்டு வா என்கிறார்கள், மாற்றப் போன இடத்தில் ரெக்கார்ட் ஆபீஸ் கடிதம் கேட்கிறார்கள், கடிதத்துக்கு எழுதினால் ஆன்லைனில் போடு என்கிறார்கள். "நான் வள்ளியம்மையா வள்ளியம்மாளான்னு உங்க சித்தப்பாவைத்தான் கேக்கணும்டா," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பெரியவர் என்ன என்று கேட்டார், சொன்னேன். ஓ, பெயர் பிசகா, எங்களுக்கும் இதே கதைதான், கோல்ட்ஸ்டீனை ஆறு விதமாக எழுதுவான் என்றார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் ஊரில் அதற்கு யார் ஆள்?"

சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது என்றேன். அது அரசாங்கம், நான் அதைக் கேட்கவில்லை, இந்த அம்மா வீட்டுக்கு வந்து இந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புகிற ஆள் யார் என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சித்தி மட்டும், "என்னடா கேக்குறாரு?" என்றாள். மோர் நல்லா இருக்காம் என்று சொல்லிவிட்டேன்.

வண்டியில் ஏறின பிறகு அவரே விளக்கினார். சங்கத்தில் சர்வீஸ் ஆபீசர் என்று ஒருவர் உண்டு. பட்டாளத்திலிருந்து வந்தவரே, இதற்கென்று பயிற்சி எடுத்தவர். எந்தக் காயத்துக்கு எந்த ஃபார்ம், எந்த டாக்டர் சான்று செல்லும், தள்ளுபடி செய்தால் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு, எல்லாம் அவருக்குத் தண்ணிப்பட்ட பாடு. காசு வாங்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் வருகிறவன் யூதனா என்று கேட்பதில்லை, சிப்பாயா என்றுதான் கேட்போம் என்றார். மற்றவர்கள் படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள், யாரும் பார்க்க வராத ஆளாகத் தேடி. இவர் போவது புதன்கிழமை. போய் என்ன பேசுவீர்கள் என்றேன். பேஸ்பால் என்றார்.

அவர் ஊருக்குப் போன பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன். இஸ்ரேலில் போரில் ஊனமுற்றவர்களுக்கு 1949 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. அது நடத்தும் இடங்களுக்கு பெய்த் ஹலோஹெம் என்று பெயர், போர்வீரன் வீடு. டெல் அவீவ், ஹைஃபா, ஜெருசலேம், பீர்ஷேபா என்று பல ஊரில். நீச்சல்குளம், சக்கர நாற்காலிக் கூடைப்பந்து, உடற்பயிற்சி, படம் வரைதல், பெண்டாட்டி பிள்ளைகளோடு போகலாம். ஆஸ்பத்திரி வாசனை இல்லாத இடம். வெளிநாட்டு யூதர்கள் பணம் சேர்த்து அனுப்புகிறார்கள், காயம்பட்டவர்களைக் குழுவாகத் தங்கள் ஊருக்கு அழைத்து வீட்டில் தங்கவைக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த வீடுகளுக்கு யாத் லபனிம் என்று இன்னொரு அமைப்பு.

எனக்கு அதிகம் பிடித்தது வேறொன்று. ஹயல் போதேத் என்கிறார்கள், ஒண்டிச் சிப்பாய் என்று சொல்லலாம். அப்பா அம்மா வெளிநாட்டில் இருக்க, தனியாக வந்து இஸ்ரேல் படையில் சேருகிற பிள்ளை, அல்லது வீட்டோடு உறவு அறுந்த பிள்ளை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாச் சிப்பாயும் துணி மூட்டையோடு அம்மாவிடம் போகும்போது இவன் எங்கே போவான்? அதற்கு ஏற்பாடு இருக்கிறது. சம்பளத்தில் கூடுதல், வாடகைக்கு உதவி, பெற்றோரைப் பார்த்து வர வருஷத்தில் ஒரு நீண்ட லீவு. அதெல்லாம் அரசாங்கம். அதற்கு மேலே ஊர்க்காரர்கள், கிபுட்ஸ் என்கிற சில கூட்டுப் பண்ணைக் கிராமங்கள், ஒரு குடும்பத்தைப் பார்த்து ஒப்படைக்கிறார்கள், சப்பாத் என்கிற ஓய்வுநாள் சாப்பாடு அங்கே, துணி துவைப்பதும் அங்கே. பிலடெல்பியாவிலிருந்து வந்த மைக்கேல் லெவின் என்ற பையன், 2006 லெபனான் போர் தொடங்கியபோது ஊரில் லீவில் இருந்தவன், லீவை முறித்துக்கொண்டு திரும்பி வந்து செத்துப்போனான். அவன் பெயரில் ஜெருசலேமில் ஒண்டிச் சிப்பாய்களுக்கு ஒரு மையமே இருக்கிறது. நான் லடாக்கில் இருந்தபோது மூன்று தீபாவளிக்கு ஊருக்கு வரவில்லை, லங்கரில், அதாவது பட்டாளச் சமையலறையில், குலோப் ஜாமூன் போட்டார்கள், அவ்வளவுதான், குறை சொல்லவில்லை.

அங்கேயும் எல்லாம் பாலும் தேனும் இல்லை. 2021 ஏப்ரலில், மனக்காயத்தோடு வருஷக்கணக்கில் ஆபீஸ் ஆபீசாக அலைந்த ஒரு முன்னாள் சிப்பாய், பெத்தா திக்வாவில் மறுவாழ்வுத் துறை அலுவலகத்துக்கு முன்னால் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். உயிர் பிழைத்தார். நாடே ஆடிப்போய் அதற்குப் பிறகுதான் விதிகளை மாற்ற இறங்கினார்கள். ஃபார்ம் எல்லா நாட்டிலும் ஃபார்ம்தான்.

இந்த யூதர் இஸ்ரேல் கதையெல்லாம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பீர்கள், என் மச்சான் கேட்டுவிட்டான். 1971-ல் கிழக்குக் கட்டளையில் தலைமைப் பணியதிகாரியாக இருந்து, டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதியைப் பேசி முடித்தவர் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், கல்கத்தா யூதர். 93,000 பேர் சரணடைந்தார்கள். 2016-ல் இறந்தார், டெல்லி ஹுமாயூன் ரோடு யூதக் கல்லறையில் இருக்கிறார். உலகத்தின் எந்தப் படையில் போரிட்ட யூதர் பெயரும் வைக்கலாம் என்று ஜெருசலேமில் அம்யூனிஷன் ஹில் என்ற போர் நினைவிடத்தில் ஒரு கௌரவச் சுவர் இருக்கிறது. அங்கே 2019-ல் அவர் பெயரையும் பதித்தார்கள். இந்தியச் சீருடை போட்டவருக்கு ஜெருசலேமில் ஒரு சுவர் இடம் வைத்திருக்கிறது பாருங்கள். கலாக்ஷேத்ரா நடனக் கலைஞர் லீலா சாம்சனைத் தெரியும் அல்லவா, அவருடைய அப்பா பெஞ்சமின் ஆபிரகாம் சாம்சன் நம் கடற்படையில் வைஸ் அட்மிரல், பெனே இஸ்ரேல் என்கிற மகாராஷ்டிர யூதப் பிரிவைச் சேர்ந்தவர்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. ஒரு லீவு நாளில் ஹைஃபாவில் இந்தியச் சிப்பாய்களின் கல்லறைக்குப் போனோம். 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர், மைசூர் குதிரைப்படைகள் ஈட்டியோடு பீரங்கிக்கு எதிரே ஓடி அந்த ஊரைத் துருக்கியரிடமிருந்து பிடித்தன. டெல்லி தீன் மூர்த்தியில் நிற்கிற மூன்று சிப்பாய் அந்தப் படைக்குத்தான், 2018-ல் அந்தச் சந்திப்புக்கு ஹைஃபா பெயரையும் சேர்த்தார்கள். கல்லறையில் புல் வெட்டி, சுத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு கிழவி எங்களை யூனிபார்மில் பார்த்துவிட்டுக் கையசைத்தாள்.

செட்டிநாட்டுக்காரனுக்கு இதில் புதுசு எதுவும் இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. என் ஐயா ரங்கூனில் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது அவர்கள் தொழில் நடத்தும் இடத்தில், சமையல். பக்கத்திலேயே 26-ஆம் தெருவில் யூதர் கோவில், 1890-களில் கட்டியது, இன்றும் இருக்கிறது. அந்தக் கோவிலில் சனிக்கிழமை விளக்குகூட அவர்கள் கையால் ஏற்ற மாட்டார்கள் என்று ஐயா சொல்லுவார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அவர்களும் ஓடினார்கள், செட்டியார்களும் ஓடினார்கள், ஐயா நடந்தே வந்தார். வழியில் எந்த ஊரில் நகரத்தார் (செட்டியார்) விடுதி இருந்ததோ அங்கே சோறு கிடைத்ததாம். ஐயா நகரத்தார் இல்லை, ஆனால் கிட்டங்கி ஆள் என்று சொன்னதும் இலை போட்டார்கள். காசியில் சத்திரம், ராமேஸ்வரத்தில் சத்திரம், சென்னை பவழக்காரத் தெருவில் விடுதி. அந்தத் தெருவில் அவர்களுக்கு முன்னால் பவழமும் வைரமும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் யூதர்கள் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். வெளியூர் போகிற தன் ஆளுக்கு முன்கூட்டியே ஒரு பாயும் ஒரு இலையும் போட்டு வைப்பது இங்கே தெரிந்த வித்தைதான். பட்டாளத்துக்குப் போனவனுக்கு அதை யாரும் செய்யவில்லை, நானும்தான். பதினொரு வருஷம் ஆகிறது வெளியே வந்து, சித்தியின் மஞ்சப்பையை நான் அதற்கு முன்னால் ஒரு தடவைகூட முழுசாகப் பிரித்துப் பார்த்ததில்லை. ஓட்டலில் வேலை இருக்கிறது என்பேன்.

பிரித்தேன். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரி அபிடவிட், கல்யாணம் பதிந்த பழைய பார்ட் டூ ஆர்டர் என்கிற ராணுவப் பதிவின் நகல், ஆதார், சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், இறப்புச் சான்று, எல்லாவற்றையும் ஒரே கட்டாக வைத்து ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஸ்பர்ஷ் என்கிற ராணுவ பென்ஷன் இணையதளத்திலும் ஏற்றினேன். நாலு முறை திருப்பினார்கள். ஒரு முறை போட்டோவில் காது தெரியவில்லை என்று. சிவகங்கை அலுவலகத்தில் ஒரு எழுத்தர், அவரும் முன்னாள் சிப்பாய்தான், எந்த வரியில் என்ன எழுத வேண்டும் என்று பென்சிலால் போட்டுக் கொடுத்தார். ஆனி மாசம் பாக்கியோடு பணம் வந்தது. சித்தி ரெக்கார்டில் இப்போது வள்ளியம்மை.

பெரியவருக்கு வாட்ஸப்பில் சொன்னேன். ஒரே வரி பதில்: அடுத்தது யார்?

அடுத்தது ஆறு பேர் வந்துவிட்டார்கள். சித்தி சும்மா இருப்பாளா. அதனால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து ஒன்று வரை கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் இருப்பேன், முதலாளியிடம் கேட்டாகிவிட்டது, விருந்தாளி இருந்தால் மட்டும் பின்கட்டு. சமையல்கார அண்ணன் காபி தருவார், முகம் மட்டும் அப்படித்தான் இருக்கும். வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவின் நகல், ஆதார், பேங்க் பாஸ்புக், ஆதாரோடு சேர்ந்த போன், அந்தப் போனுக்குச் சார்ஜ், எல்லாம் கொண்டு வாருங்கள். உயிர்வாழ் சான்றுக்கு வருகிறவர்களுக்குக் கைரேகை விழவில்லை என்றால் கண்ணை வைத்துப் பார்க்கலாம், நான் ஏற்பாடு செய்கிறேன். மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள், போன வாரம் மூன்று பேருக்கு என்னுடையதைக் கொடுத்துவிட்டு நான் குத்துமதிப்பாக ஃபார்ம் நிரப்பினேன்.